பிரசவ அறைக்கு வராத பணம்: நிதித்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய நிதியமைச்சகத்தில் செலவினங்களைப் பார்க்கும் அதிகாரிகளுக்கும், மாநிலங்களின் நிதித்துறைச் செயலாளர்களுக்கும்,

வணக்கம். நான் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இதைச் சுகாதாரத்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. பிரசவத்தில் பெண்கள் எதனால் இறக்கிறார்கள் என்பது சுகாதாரத்துறைக்கு நன்றாகவே தெரியும், ஒவ்வொரு மரணத்துக்கும் தணிக்கை நடத்தி எழுதியும் வைக்கிறார்கள். அடுத்த மரணத்தைத் தடுக்கத் தேவையான ஆளும் ரத்தமும் வண்டியும் கிடைக்குமா கிடைக்காதா என்பது உங்கள் மேஜையில்தான் முடிவாகிறது. பட்ஜெட் தயாரிக்கும் நேரத்தில் யார் யாரையோ அழைத்துக் கருத்துக் கேட்கிறீர்கள். இரவு ஷிஃப்டில் பிரசவ அறையில் நிற்பவர்கள் யாரையும் அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். 2001-03இல் இந்தியாவில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 301 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். பிறப்பு இறப்பைக் கணக்கெடுக்கும் அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2020-22 கணக்குப்படி அது 88. இருபது வருடத்தில் இவ்வளவு இறங்கியது சின்ன விஷயமே இல்லை, இதற்காக உழைத்த எத்தனையோ பேரை எனக்கு நேரில் தெரியும். ஆனால் 88 என்பது சராசரி. மாநிலவாரியாக 2018-20 கணக்கை எடுத்துப் பாருங்கள். கேரளா 19, மகாராஷ்டிரா 33, தமிழ்நாடு 54. அந்தப் பக்கம் உத்தரப் பிரதேசம் 167, மத்தியப் பிரதேசம் 173, அசாம் 195. அதாவது அசாமில் குழந்தை பெறும் பெண்ணுக்கு உயிராபத்து கேரளத்துப் பெண்ணைவிடப் பத்து மடங்கு அதிகம். இரண்டு பேரும் ஒரே அரசாங்கத்துக்குத்தான் வரி கட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2023 என்ற ஒரே வருடத்தில் உலகம் முழுக்கச் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்திருக்கிறார்கள். அதில் 92 சதவீதம் ஏழை நாடுகளிலும், வருமானத்தில் அதற்கு அடுத்த படியில் இருக்கிற நம்மைப் போன்ற நாடுகளிலும். இந்தியாவின் பங்கு சுமார் 19,000 பேர்.

இந்த மரணங்களில் முதல் காரணம் உதிரப்போக்கு. அது எப்படி நடக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். குழந்தை பிறந்துவிடும், நஞ்சுக்கொடியும் வந்துவிடும், வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு என்ன குழந்தை என்று சொல்லியாகிவிட்டிருக்கும். இங்கே உள்ளே தாயின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தால், இறுகி இருக்க வேண்டிய கருப்பை தொளதொளவென்று கிடக்கும். அடியில் போட்ட துணி நனைந்துகொண்டே போகும். அந்த நிமிடத்திலிருந்து ஒருத்தி கருப்பையைத் தேய்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒருத்தி ஃபிரிட்ஜிலிருந்து, கருப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை எடுத்துப் போட வேண்டும், இன்னொருத்தி இரண்டு கையிலும் வென்ஃப்ளான் குத்தி டிரிப்ஸ் ஓடவிட வேண்டும், ஒருவர் டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஒருவர் சாம்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு ரத்தத்துக்கு ஓட வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில். கட்டுப்படாத உதிரப்போக்கில் நல்ல ஆரோக்கியமான பெண்ணின் உயிரே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அறையில் ஒரே ஒரு நர்ஸும் ஒரு ஆயாம்மாவும் இருந்தால் மேலே சொன்ன ஐந்து வேலையில் எதை விடுவது? அந்தக் கேள்விக்கான பதிலைப் பணியிட எண்ணிக்கையை முடிவு செய்யும் கோப்பில் நீங்கள்தான் எழுதுகிறீர்கள்.

இதற்கு வேண்டிய மருந்து ஒன்றும் கோடிக்கணக்கில் இல்லை. ஆக்ஸிடோசின் சில ரூபாய் விலை, 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரசவ ஜன்னிக்கு, அதாவது ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்புக்குப் போடும் மெக்னீசியம் சல்பேட்டும் மலிவுதான். ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் ஆசிட்டைப் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதை 21 நாடுகளில் 20,000 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2017இலேயே காட்டிவிட்டது. கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த இன்னொரு ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதில் செய்தது இவ்வளவுதான்: இழந்த ரத்தத்தைக் கண்ணால் பார்த்துத் தோராயமாகச் சொல்லாமல், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்து அளந்தார்கள், கோட்டைத் தாண்டியதும் மசாஜ், மருந்து, டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்யாமல் மொத்தமாகச் செய்தார்கள். கடுமையான உதிரப்போக்கு, அதனால் செய்யும் அறுவை, மரணம் இவை எல்லாம் சேர்த்து 60 சதவீதம் குறைந்தன. ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் பழக்கப்பட்ட கைகளும்! இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வந்தன.

நம் நாட்டில் பெரிய பணம் எங்கே போனது என்றால், பெண்களை மருத்துவமனை வாசல் வரை கொண்டுவருவதற்கு. 2005இல் ஜனனி சுரக்ஷா திட்டம் வந்தது, மருத்துவமனையில் பிரசவித்தால் பணம். அது வேலை செய்தது, அதில் சந்தேகமே வேண்டாம். 2005-06இல் மருத்துவமனைப் பிரசவம் 38.7 சதவீதமாக இருந்தது, 2019-21இல் 88.6. ஆனால் வாசல் வரை வந்த பெண்ணுக்கு உள்ளே என்ன இருக்கிறது? கிராமப்புறச் சுகாதாரப் புள்ளிவிவரம் என்று ஒன்றிய அரசே வெளியிட்ட அறிக்கையின் 2021-22 பதிப்பைப் பாருங்கள். சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான மகப்பேறு நிபுணர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இல்லை. அறுவை நிபுணர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இல்லை. மயக்க மருந்து டாக்டர் இல்லாமல் சிசேரியன் இல்லை, ரத்தம் இல்லாமல் சிசேரியன் செய்யத் துணிச்சலும் இல்லை. ஆக அந்தக் கட்டடம் சுகப்பிரசவம் மட்டுமே நடக்கக்கூடிய இடம். யாருக்குச் சிக்கல் வரும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாத ஒரு விஷயத்துக்கு அப்படி ஒரு இடம் போதாது.

அதனால் என்ன நடக்கிறது? ரெஃபர். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சமுதாய சுகாதார நிலையம், அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் இடையில் ஒரு வண்டி. கடைசி இடத்துக்கு வந்து சேரும்போது கை ஜில்லென்றிருக்கும், நாடி கிடைக்காது, ரத்தம் உறையும் தன்மையே போயிருக்கும். அப்புறம் மரணச் சான்றிதழில் அந்தக் கடைசி மருத்துவமனையின் பெயர்தான் இருக்கும். முதல் இடத்தில் ஒரு மயக்க மருந்து டாக்டர் பணியிடம் வருடக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்தது எந்தச் சான்றிதழிலும் வராது. எத்தனையோ அம்மாக்கள் அந்தச் சீட்டுக் கற்றையை இடுப்பில் செருகிக்கொண்டு மகளின் பின்னால் ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நிபுணர்கள் கிராமத்துக்கு வரமாட்டேன் என்கிறார்களே, நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து, அவசரப் பிரசவங்களுக்கு மயக்க மருந்து கொடுக்கத் தயார் செய்யும் திட்டம் நம் நாட்டிலேயே இருக்கிறது. பயிற்சி முடித்தவரை அறுவை அரங்கமே இல்லாத இடத்துக்கு மாற்றிவிடுவதும் நம் நாட்டில்தான் நடக்கிறது. மொசாம்பிக் 1984இல், உள்நாட்டுப் போருக்கு நடுவில், டாக்டர் அல்லாதவர்களுக்கு மூன்று வருடம் அறுவைப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. பிற்பாடு ஆய்வு செய்து பார்த்தபோது, மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவைகளில் பத்தில் ஒன்பதை அவர்கள்தான் செய்திருந்தார்கள். ஏழு வருடம் கழித்தும் பெரும்பாலானவர்கள் அதே மாவட்டங்களில் இருந்தார்கள், கூடவே அனுப்பப்பட்ட டாக்டர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. நம்மைவிட எவ்வளவோ ஏழை நாடு அது.

தமிழ்நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நான் வேலை செய்த இடம் என்பதால் மட்டும் இல்லை. 2001-03இல் இங்கே தாய் இறப்பு விகிதம் 134. அதைப் பாதிக்கும் கீழே இறக்கிய காரியங்களில் பலவும் பார்க்கச் சாதாரணமானவை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு, 24 மணி நேரமும் ஒரு கை இருக்கும்படி செய்தார்கள். 1990களின் நடுவில் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கிடங்கு கிடங்காக வைத்தது, அதனால் பிரசவ அறையில் மருந்து தீர்ந்துபோவது குறைந்தது. ஒவ்வொரு தாய் மரணத்தையும் பதிவு செய்து விசாரிக்கும் வழக்கமும் 1994லிருந்து வந்தது. அப்புறம் சீமாங்க் மையங்கள், அதாவது அவசரப் பிரசவத்துக்கும் பச்சிளங்குழந்தைக்குமான சிகிச்சை மையங்கள். தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில் மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், ரத்தம் எல்லாம் ராத்திரி பகல் தயாராக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்து, அதற்கு ஆள் போட்டுப் பணமும் கொடுத்தார்கள். எல்லா மருத்துவமனையிலும் எல்லாம் வேண்டும் என்று சிதறடிக்காமல், பெண் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஒரு இடம் நிச்சயமாக வேலை செய்ய வேண்டும் என்று முடிவெடுத்ததுதான் பெரிய விஷயம். குறை இல்லாமல் இல்லை. தொகுப்பூதியத்தில் நர்ஸ்களை வருடக்கணக்கில் வைத்திருப்பது இங்கேயும் நடக்கிறது. அவர்கள் போராட்டத்துக்கு உட்கார்ந்தபோதெல்லாம் நிதிநிலையைத்தான் பதிலாகச் சொன்னார்கள். தமிழ்நாடு நிதித்துறை இந்த மடலைப் படித்தால், இந்த வரி உங்களுக்கு.

பக்கத்தில் இலங்கை இருக்கிறது. 1930களில் அங்கே ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, கிராமம் கிராமமாகப் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற மருத்துவமாதுகளை அனுப்பி, அவர்களுக்குப் பின்னால் இலவச மருத்துவமனைகளை நிறுத்தி, இறந்த ஒவ்வொரு தாயைப் பற்றியும் விசாரித்து, இன்று 30க்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். போர் நடந்தது, சுனாமி வந்தது, 2022இல் நாடே திவாலானது, இத்தனைக்கும் நடுவில். அரசின் சுகாதாரச் செலவு அங்கே நெடுங்காலமாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டு சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருந்து வந்திருக்கிறது. உங்களில் சிலர் இதைப் படித்ததும், பார்த்தீர்களா, குறைந்த செலவிலும் முடிகிறதே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குறைந்த பணம் ஒரு தலைமுறைக்கும் மேலாக, ஆட்சி மாறினாலும் நிறுத்தாமல், வீட்டு வாசலுக்கு வரும் பெண்ணின் சம்பளமாகப் போனது. அந்த உறுதி இல்லாமல் குறைந்த செலவை மட்டும் எடுத்துக்கொண்டால் உங்களுக்குக் கிடைப்பது இலங்கை ஆகாது.

சரி, நம் கணக்குக்கு வருவோம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆகும் என்றது. மாநிலங்கள் 2020க்குள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. 15ஆவது நிதிக்குழுவும் இதையே வலியுறுத்தியது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22இல் நாம் தொட்டது 1.84 சதவீதம், அதுவும் கொரோனா காலச் செலவு சேர்ந்தது. மக்கள் கைக்காசு போட்டுச் செய்யும் செலவு மொத்தத்தில் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் தாலியிலிருந்தும் ஆட்டுக்குட்டியிலிருந்தும்தான் வருகிறது. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு லட்சம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றிய அரசின் மொத்தச் செலவில் அது இரண்டு சதவீத அளவுதான். அதற்குள் தேசிய சுகாதார இயக்கத்துக்குச் சுமார் 37,000 கோடி, ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்துக்குச் சுமார் 9,400 கோடி. காப்பீட்டை நான் எதிர்க்கவில்லை, அதனால் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் காப்பீட்டு அட்டை ரத்தம் ஏற்றாது. நாற்பது கிலோமீட்டருக்குள் அறுவை அரங்கம் திறந்திருந்தால்தான் அந்த அட்டைக்கு மதிப்பு.

ஒதுக்கிய பணமாவது நேரத்துக்கு வருகிறதா? தேசிய சுகாதார இயக்கத்தின் செலவை ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு பிரித்திருக்கிறீர்கள், வடகிழக்கிலும் மலை மாநிலங்களிலும் 90க்கு 10. ஒரு பக்கம் விடுவித்த பணம் மாநிலக் கருவூலத்தில் தங்கி, அப்புறம் மாநிலப் பங்கு சேர்ந்து, இயக்கத்தை நடத்தும் மாநிலச் சுகாதாரச் சங்கத்தின் கணக்குக்கு வந்து, மாவட்டத்துக்கு இறங்குவதற்குள் வருடத்தின் கடைசிக் காலாண்டு வந்துவிடும். மார்ச்சில் வந்த பணத்தை மார்ச்சிலேயே செலவழிக்கச் சொன்னால் நாற்காலி வாங்கலாம், பெயிண்ட் அடிக்கலாம். போன ஜூலையில் ஒரு நர்ஸை வேலைக்கு எடுத்திருக்க முடியாது. பட்ஜெட் எண்களை வருடத்துக்குள்ளேயே மாற்றிப் போடும் திருத்திய மதிப்பீட்டில், செலவழிக்கவில்லையே என்று அதே தலைப்பைக் குறைத்தும் விடுகிறீர்கள்.

வாக்குறுதி கொடுத்துவிட்டு விட்டுவிடுவது நமக்கு மட்டும் உரிய வியாதி இல்லைதான். 2001 ஏப்ரலில் ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்கள் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று அறிவித்தார்கள். மிகச் சில நாடுகளே எப்போதாவது அதைத் தொட்டன, கூட்டம் நடத்திய நைஜீரியா பக்கத்தில்கூடப் போகவில்லை. 2023இல் உலகில் இறந்த தாய்மார்களில் கால் பங்குக்கும் மேல், சுமார் 75,000 பேர், அந்த ஒரே நாட்டுப் பெண்கள். வெளிநாட்டு உதவியை நம்பி அந்த இடைவெளியை ஓட்டிக்கொண்டிருந்த நாடுகளுக்கு 2025இல் அமெரிக்கா உதவியை வெட்டியபோது என்ன கதி ஆனது என்று பார்த்தோம். இந்தியா அப்படி யாரிடமும் கையேந்தி நிற்கவில்லை. நம் பிரசவ அறைகளுக்கான பணம் நம் கஜானாவிலேயே இருக்கிறது, அது வராததற்கு நாம் மட்டும்தான் பொறுப்பு.

இன்னொன்று, ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, முந்தைய ஆய்வைவிட அதிகம். ரத்தத்தில் எச்.பி. (ஹீமோகுளோபின்) பதினொன்று இருக்கிற பெண் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கை எச்.பி. ஆறு இருக்கிற பெண் தாங்கமாட்டாள். இதற்குச் சாப்பாடு வேண்டும், சாப்பாட்டுக்குக் காசு வேண்டும். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்கிறது. 2017இல் வந்த ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 என்றது, மீதியை ஜனனி சுரக்ஷா பணத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்டினார்கள். இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டும் 6,000 என்று பிறகு சேர்த்தார்கள். இரண்டாவதும் ஆண் என்றால் அந்தத் தாய்க்கு இரும்புச்சத்து தேவைப்படாதா? 2013இலிருந்து இன்று வரை முட்டை விலையும் பால் விலையும் எங்கே போயிருக்கிறது என்று உங்கள் பணவீக்கப் பிரிவையே கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 என்று இருக்கிறது, அதையும் உயர்த்திப் பல வருடம் ஆகிவிட்டது.

நான் கேட்பது இதுதான். 2.5 சதவீதத்தை எந்த வருடத்துக்குள் எட்டப் போகிறோம் என்று நாடாளுமன்றத்தில் வருடவாரியாகச் சொல்லுங்கள், சொன்னதை அடுத்த பட்ஜெட்டிலேயே தொடங்குங்கள். கூடுதலாக வரும் பணத்தில் முதல் பங்கை, தாய் இறப்பு அதிகமுள்ள மாவட்டங்களில் ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்து, அங்கே 24 மணி நேரமும் சிசேரியன் நடக்கத் தேவையான ஆட்களின் சம்பளத்துக்கும் ரத்த சேமிப்பு அறைக்கும் கொடுங்கள். கட்டடத்துக்கு வேண்டாம், கட்டடம் நிறையவே இருக்கிறது. நர்ஸ் பணியிடங்களை நிரந்தரமாக்குங்கள், கிராமங்களில் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பெண்களுக்கு ஊக்கத்தொகை என்ற பெயரில் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சம்பளமாகக் கொடுங்கள். அவர்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தபோது நாம் எல்லோரும் கைதட்டினோம். முதல் தவணையை ஏப்ரலிலேயே விடுங்கள். தாய் மரணத் தணிக்கை அறிக்கைகளைப் பெயர்களை நீக்கிவிட்டு மாவட்டவாரியாக வெளியிடச் சொல்லுங்கள், அந்த அறிக்கையின் ஒரு பிரதி நிதித்துறைக்கும் வரட்டும். ஒவ்வொரு அறிக்கையிலும் நிரப்பப்படாத பணியிடம், இல்லாத ரத்தம், தாமதமான வண்டி என்று காரணம் எழுதியிருக்கும் இடத்துக்கு எதிரே, அதற்கு எவ்வளவு செலவாகும், எப்போது ஒதுக்குவீர்கள் என்று உங்கள் கையெழுத்தோடு பதில் எழுதுங்கள்.

2030க்குள் தாய் இறப்பு விகிதம் 70க்குக் கீழே போக வேண்டும் என்பது நாம் ஐ.நா.வில் ஏற்றுக்கொண்ட இலக்கு. நாட்டின் சராசரி அதைத் தொட்டுவிடும் என்றே நினைக்கிறேன். கேரளமும் மகாராஷ்டிராவும் தமிழ்நாடும் சேர்ந்து சராசரியை இழுத்துவிடும், நீங்களும் வெற்றி என்று அறிவிப்பீர்கள். அதற்கு முன்னால் அசாமுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் தனித்தனி இலக்கு, தனித்தனி ஒதுக்கீடு வைத்து, வருகிற திருத்திய மதிப்பீட்டிலேயே அதைக் காட்டுங்கள். ஒவ்வொரு பிப்ரவரியும் செலவின ஆவணத்தில் தேசிய சுகாதார இயக்கத்துக்கான பக்கத்தைத் திறந்து படிக்கிறவள் நான். இந்த முறையும் படிப்பேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ஒரு பிரசவ வார்டு செவிலியர்